மருந்து போடாத குட்டை

மானியம்னு சொல்லிட்டீங்கல்ல தம்பி, அந்தப் பேப்பரை மடிச்சு அப்படியே பைக்குள்ள வைங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லல. போடுறதா வேணாமாங்கறது அப்புறம். மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க. கேட்டதுக்கு மேலயும் என் குட்டைதான் வேணும்னா பாப்போம். கோயம்புத்தூர்லேர்ந்து இம்மாந்தூரம் பஸ்ஸுல வந்திருக்கீங்க, வந்த காலோட திருப்பி அனுப்பவும் மனசு வரல. மோர் குடிங்க. உப்பு கூடத்தான் இருக்கும், இஞ்ச எல்லாத்துலயும் உப்புதான்.

எனக்கு அலுத்துப் போச்சு தம்பி. வேலை அலுக்கல. இந்தச் சோதனை, அறிக்கை, கமிட்டி, முதல் கட்டம், ரெண்டாம் கட்டம், இந்த வார்த்தையெல்லாம் காதுல விழுந்தாலே உடம்பு அசந்து போவுது.

வேதாரண்யம் பக்கத்துல பதினெட்டு வருஷமா இறால் போடுறவன் நான். நாலு குட்டை. அந்தா மோட்டார் ஷெட்டுக்கு இந்தாண்ட இருக்கறது ஒண்ணு, ரெண்டு. வாய்க்காலுக்கு அந்தாண்ட மூணு, நாலு. நாலும் ஒரே அளவு, ஒரே ஆழம். உங்க மருந்தச் சோதிக்கத் தோதான எடம்னுதான் நீங்களும் வந்திருக்கீங்க, தெரியும். முன்ன ஒரு பொண்ணும் அதுக்குத்தான் வந்துச்சு.

ஏழு வருஷம் முன்ன, பங்குனி மாசம், இந்தப் பக்கம் பூராவும் வெள்ளைக் குடல் நோய் வந்துச்சு. நீங்க புத்தகத்துல படிச்சிருப்பீங்க. காலையில குட்டைக்குப் போனா தண்ணி மேல வெள்ளை நூல் நூலா மிதக்கும். இறாலோட கழிச்சல் அது. அன்னையிலேர்ந்து தீவனம் எடுக்காது. தண்ணிக்குள்ள எறக்குற தட்டுல வச்ச தீவனம் வச்ச மேனிக்கு இருக்கும். அப்புறம் நாலு நாள், அஞ்சு நாள், ஓரத்துல வந்து ஒதுங்க ஆரம்பிச்சிரும். அந்த வருஷம் நாலு குட்டையையும் வாரிக் குழி வெட்டிப் பொதச்சேன். சுண்ணாம்பு தூவுனேன். அந்த நாத்தம் வூட்டுல சோத்துல கூட இருந்துச்சு. செந்தாமரை, எம் பொஞ்சாதிதான் இப்ப மோர் கொடுத்தது, அது ஒரு மாசம் மீன் ஆக்கல.

நோய் வந்த குட்டைன்னா எல்லாரும் ஒதுங்கிப் போவாங்க. தீவனக் கம்பெனிக்காரன் போன் எடுக்க மாட்டான். அந்த நேரத்துல ஒரு பொண்ணு ஸ்கூட்டியில வந்து எறங்குச்சு. முக்காட்ட இழுத்துக் கட்டிக்கிட்டு நேரா என் மூணாம் நம்பர் குட்டையோட வடிகாலுக்குப் போயி, அந்த நாத்தத் தண்ணிய பாட்டில்ல புடிக்குது.

"யாரும்மா நீ, அத எதுக்குப் புடிக்கிற?"ன்னேன்.

"நாகூர்லேர்ந்து வர்றேன் மாமா. பேரு மெகருன்னிசா. ஆராய்ச்சி பண்றேன். இறாலக் கொல்ற கிருமி இந்தத் தண்ணியிலதான் இருக்கு. அந்தக் கிருமியத் திங்கற இன்னொரு கிருமியும் இதே தண்ணியிலதான் இருக்கும். அதப் புடிக்கத்தான் வந்தேன்"னுச்சு.

கிருமியத் திங்கற கிருமி! நான் சிரிச்சேன். அது சிரிக்கல. பன்னெண்டு பாட்டில் புடிச்சு, மூடியில நம்பர் எழுதி, ஐஸ் பெட்டியில வச்சுக் கட்டிட்டுப் போயிடுச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடியும் வந்துச்சு. இந்தத் தடவ இனிப்புப் பொட்டலத்தோட. "மாமா, கெடச்சிடுச்சு. உங்க மூணாம் நம்பர் தண்ணியிலதான் கெடச்சிச்சு"ன்னு சொன்னப்ப அது மூஞ்சியப் பாக்கணுமே. என் தண்ணி தம்பி. நான் கெட்டுப்போச்சுன்னு ஊத்துன தண்ணி. அதுலேர்ந்து ஒரு மருந்து.

அது சொன்னதத்தான் உங்களுக்குச் சொல்றேன், உங்களுக்குத் தெரிஞ்சதுதான். லேப்ல கண்டுபுடிக்கிறது ஒண்ணு, அத பாட்டில்ல அடச்சு கடையில விக்கிறது வேற ஒண்ணு. நடுவுல இருக்கற தூரத்தக் கடக்கத்தான் அரசாங்கம் மானியம் தருது. அதுக்குக் கம்பெனி ஆரம்பிக்கணும். இந்தப் பொண்ணு காலேஜுல பாத்துக்கிட்டிருந்த வேலைய விட்டுட்டு கம்பெனி ஆரம்பிச்சு, முதல் கட்ட மானியமும் வாங்கிடுச்சு. கம்பெனின்னா என்ன, பல்கலைக்கழகத்துல வாடகைக்கு ஒரு ரூமு, அதுல ஒரு ஃப்ரீசரு, இது ஒரு ஆளு. வூட்டுக்காரர் மஸ்கட்ல இருந்தாரு, கெளம்பி வான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தாரு. "ஒரு வருஷம் டைம் கேட்டிருக்கேன் மாமா. குட்டையில வேலை செய்யுதுன்னு காட்டிட்டா ரெண்டாம் கட்ட மானியம் வந்துடும். அதுல ஃபேக்டரியே போடலாம். காட்டலைன்னா அவ்வளவுதான்"னுச்சு.

நான் நாலு குட்டையயும் எடுத்துக்கன்னேன். யோசிக்கவே இல்ல.

அப்பதான் அது சொன்னுச்சு, ஒண்ணுலயும் ரெண்டுலயும் மருந்து, மூணுலயும் நாலுலயும் மருந்து இல்லன்னு. ஒரே குஞ்சு, ஒரே தீவனம், ஒரே தண்ணி. மருந்து மட்டும்தான் வித்தியாசம்.

"மூணு நாலுல நோய் வந்தா?"ன்னேன்.

"வந்தா வரட்டும் மாமா. நஷ்டத்த நான் கட்டித் தர்றேன், மானியத்துல அதுக்கு எடம் இருக்கு"ன்னு எழுதியும் கொடுத்துச்சு. அதனால காசுக்காகப் பண்ணேன்னு நெனச்சிராதீங்க. காசு பிரச்சினையே இல்ல.

மாசி கடைசியில குஞ்சு விட்டோம். மெகரு தெனமும் வந்துச்சு. காலையில ஏழு மணிக்கெல்லாம் கரையில நிக்கும். மருந்து பாட்டில என் ஷெட்டு ஃப்ரிட்ஜுலதான் வச்சிருந்துச்சு. ஒரு லிட்டர் எடுத்து தீவனத்துல பெசறி, நெழல்ல காய வச்சு, ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் போடணும். பெசறுறப்ப எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டே இருக்கும். "இது மத்த மருந்து மாதிரி இல்ல மாமா. கெட்ட கிருமி இருந்தா அதத் தின்னு இது பெருகும். ஒரு துளி போதும், குட்டை பூரா பரவிக்கும்"னு.

அத நல்லா மனசுல வச்சுக்கிட்டேன்.

முப்பது நாள் வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. அப்புறம் டெல்லிலேர்ந்து கூப்புட்டு அனுப்பிட்டாங்க. மானியம் வாங்குன எல்லாரும் ஒரு வாரம் வகுப்புக்கு வரணுமாம். சரக்க எப்படி விக்கிறதுன்னு வகுப்பு. சரக்கு இன்னும் குட்டையில கெடக்கு, அதுக்குள்ள விக்கிறதுக்கு வகுப்பு. போகலைன்னா அடுத்த தவணை நிக்குமாம். போயிட்டு வந்துடுறேன் மாமா, நோட்டுல தெனமும் எழுதுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு.

அது போன மூணாம் நாள். குஞ்சு விட்டு முப்பத்தாறு நாள். காலையில மூணாம் நம்பர்ல தட்டத் தூக்குறேன், தீவனம் அப்படியே இருக்கு. நாலாம் நம்பருக்கு ஓடுறேன். காத்தடிக்கிற பக்கம், ஓரத்துல, வெள்ளை நூலு.

தம்பி, நீங்க இறால் போட்டவரு இல்ல. உங்களுக்கு அது ஒரு நம்பர். நான் கரையில நின்னேன். குழி வெட்டுனது, சுண்ணாம்பு, அந்த நாத்தம், எல்லாம் திரும்ப வந்துச்சு. இந்தாண்ட ஒண்ணும் ரெண்டும் துள்ளுது. அந்தாண்ட மூணும் நாலும் சாவப்போவுது. மருந்து ஷெட்டுல, ஃப்ரிட்ஜுல இருக்கு. நூறு அடி தூரம்.

ரெண்டு புள்ளைக்கு ஊட்டிட்டு ரெண்டு புள்ளையப் பட்டினி போடுறதா?

யாருக்கும் தெரியாம ஒளிச்சுப் பண்ணேன்னு நெனைக்காதீங்க. பட்டப்பகல். செந்தாமரை பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு. அந்த ஒரு லிட்டர்லயே ரெண்டு டம்ளர் மொண்டேன். மூணுக்கு ஒரு டம்ளர், நாலுக்கு ஒரு டம்ளர். பெசறி, காய வச்சு, போட்டேன். ஒரு துளி போதும்னு அதுதான சொன்னுச்சு. அடுத்த நாளும் போட்டேன். அதுக்கு அடுத்த நாளும் போட்டேன். நாலாம் நாள் நூல் இல்ல தம்பி. அஞ்சாம் நாள் தட்டு காலி, ஒரு மணி தீவனம் மிச்சமில்ல. நான் கரையிலேயே உக்காந்து அழுதேன். சொல்றதுக்கு என்ன வெக்கம்.

மெகரு டெல்லிலேர்ந்து போன் பண்ணுச்சு. "குட்டை எப்படி மாமா?" "நாலும் நல்லாருக்கும்மா"ன்னேன். நல்லாத்தான இருந்துச்சு. நோட்டுலயும் நல்லாருக்குன்னு எழுதுனேன். அந்த மூணு நாள் மட்டும் எழுதல. சரியாப் போனத எதுக்கு எழுதிக்கிட்டுன்னு விட்டுட்டேன். அப்புறம் அறுவடை வரைக்கும் தெனம் ஒரு டம்ளர், ஒரு டம்ளர். மெகரு திரும்பி வந்தும் பெசறுற வேலைய எங்கிட்டயே விட்டுட்டு தண்ணி பாக்கப் போயிடும். வழக்கமாயிடுச்சு.

அந்த வருஷம் சுத்துவட்டாரத்துல அத்தன குட்டையும் போச்சு. என்னோடது நாலும் நின்னுச்சு. ஜனமெல்லாம் வந்து பாத்துட்டுப் போச்சு.

அறுவடைக்கு டெல்லிலேர்ந்து கமிட்டி வந்துச்சு. மூணு பேரு. ஒருத்தருக்குத் தமிழ் தெரியும், வயசான ப்ரொபசரு. எட போட்டாங்க, எண்ணுனாங்க, எழுதுனாங்க. மெகரு மூஞ்சி வாடிக்கிட்டே வருது. எனக்கு ஒண்ணும் புரியல. இம்மாம் இறால் குவிஞ்சு கெடக்கு, இது ஏன் இப்படி நிக்குதுன்னு. நான் அந்த ப்ரொபசர்கிட்ட போயி, "பாருங்கய்யா, நாலும் ஒண்ணு போல வந்திருக்கு! ஒரு குட்டைக்கும் இன்னொரு குட்டைக்கும் வித்தியாசமே சொல்ல முடியாது!"ன்னேன். மெகரு கெலிக்கட்டும்னுதான் சொன்னேன். அவரு என்னப் பாத்து நல்லா சிரிச்சாரு. தோள்ல தட்டிக் கொடுத்தாரு.

அவங்க கார் போன பொறவு மெகரு ஷெட்டுக்கு வந்துச்சு. "மாமா, மூணு நாலுல வேற ஏதாச்சும் போட்டீங்களா? வேற மருந்து, மாத்திரை, பவுடரு, எதுனாலும் சொல்லுங்க, நான் கோவப்பட மாட்டேன்"னுச்சு.

வேற ஏதாச்சும்னு கேட்டுச்சு. நான் வேற எதுவும் போடலயே. அது கொடுத்ததத்தான போட்டேன். "சத்தியமா வேற எதுவும் போடலம்மா"ன்னேன். பொய்யா தம்பி? நீங்களே சொல்லுங்க. பொய் இல்லயே.

அது தலைய ஆட்டிக்கிச்சு. தண்ணியச் சோதிச்சதுல மூணு நாலுலயும் அந்த நல்ல கிருமி இருந்துச்சாம். "அது உங்க தண்ணியில பொறந்ததுதான, தானாவே இருந்திருக்கும்"னு அதுவாவே சொல்லிக்கிச்சு. சரி, படிச்ச புள்ளை, அதுக்குத் தெரியும்னு நானும் இருந்துட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு கமிட்டிலேர்ந்து மெகருக்குக் கடுதாசி வந்துச்சு. தபால்ல அதுக்கு வந்தத எடுத்துக்கிட்டு இஞ்சயே வந்துடுச்சு. இங்கிலீசுல இருந்தத ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னுச்சு. மருந்து போட்ட குட்டைக்கும் போடாத குட்டைக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. நல்ல விளைச்சலுக்குப் பண்ணையாளரின் சிறந்த பராமரிப்பே காரணமாக இருக்கலாம். ஆகவே ரெண்டாம் கட்ட மானியத்துக்குப் பரிந்துரைக்க இயலாது.

"பண்ணையாளர்னா நானா?"ன்னேன்.

"நீங்கதான் மாமா."

"டெல்லியில என்னப் பத்தி எழுதியிருக்காங்களா?"

"ஆமா மாமா."

மறைக்கிறதுக்கு என்ன, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அத்தன வருஷத்துல ஒரு பய நல்லா பண்றேன்னு சொன்னதில்ல. செந்தாமரை கொடுவா மீன் கொழம்பு வச்சிருந்துச்சு. மெகரு ஒரு வாய் வச்சிட்டு, பசிக்கலைன்னு கைய கழுவிட்டு, நாலு இருவது பஸ்ஸுக்குப் போயிடுச்சு.

எனக்குக் கோவம் கமிட்டி மேலதான். நாலு குட்டை வெளஞ்சிருக்கு, ஊரே செத்துக் கெடக்கு, அதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் இவங்களுக்கு? திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனுக் கொடுத்தேன். நானே கைப்பட எழுதுனேன். நாலு குட்டையும் செழிப்பா வந்த மருந்துக்கு மானியத்த நிறுத்துனது அநியாயம்னு எழுதுனேன். மீன்வளத்துறைக்கு அனுப்புனாங்க. அங்கேர்ந்து, தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது, இது இத்துறையின் வரம்புக்குள் வராதுன்னு ஒரு கார்டு வந்துச்சு. இன்னொரு மனுக் கொடுத்தேன். இன்னொரு கார்டு வந்துச்சு. அலுத்துப் போச்சு.

அடுத்த வருஷம் மருந்து இல்ல. முப்பத்தெட்டாம் நாள் நூல் மெதந்துச்சு. மெகருக்குப் போன் போட்டேன், நம்பர் போகல. நாலையும் வாரிக் குழியில போட்டேன். சிறந்த பராமரிப்புன்னு எழுதுனாங்கல்ல. அதே பராமரிப்புதான். அதே கைதான்.

போன தை மாசம் நாகப்பட்டினத்துல ஒரு தீவனக் கம்பெனி கூட்டம். கல்யாண மண்டபத்துல சாப்பாடு போட்டு, தொப்பி கொடுத்து, புதுத் தீவனத்தப் பத்திப் பேசுவாங்க. போனேன். மேடையில மைக்கப் புடிச்சிக்கிட்டு நிக்கிது மெகரு. கம்பெனி சட்டை போட்டிருக்கு. நம்ம பொண்ணுன்னு ஒரே சந்தோஷம். பேச்சு முடிஞ்சதும் மாடிப்படிகிட்ட புடிச்சிட்டேன்.

"மாமா!"ன்னுச்சு. நல்லாத்தான் பேசுச்சு. கம்பெனிய மூடியாச்சாம். ரூமு வாடகை கட்டலன்னு கரண்ட நிறுத்தி, ஃப்ரீசர்ல வச்சிருந்த, மருந்து பெருக்குற தாய்ச்சரக்கெல்லாம் வீணாப் போச்சாம். ரம்ஜானுக்கு மஸ்கட் போகப்போவுதாம். பேச்சு அதோட முடிஞ்சிருந்தாத் தேவல. நான்தான் வாய் சும்மா இருக்கல. ஆறுதலாச் சொல்லுவோமேன்னு நெனச்சேன்.

"வுடும்மா, அந்தக் கமிட்டிக்குக் கண்ணு இல்ல. மூணு நாலுல நூல் மெதந்தப்ப நான் உன் மருந்த ஒரு டம்ளர்தான் போட்டேன், நாலே நாள்ல எழுந்திரிச்சிடுச்சு. அத அவனுங்க பாத்திருக்கணும்"னேன்.

அது படியில உக்காந்துடுச்சு. ஜனம் சாப்பாட்டுக்குப் போவுது, வருது. அது அப்படியே உக்காந்திருக்கு.

"எத்தனாம் நாள் மாமா?"

"முப்பத்தாறு."

"நூல் வந்துச்சா? நீங்களே பாத்தீங்களா? ரெண்டுலயுமா?"

"நாலுல நூல் மெதந்துச்சு. மூணுல தீவனம் தொடல. ரெண்டும் போற மாதிரிதான் இருந்துச்சு."

"ஒரு டம்ளர்."

"ஒரு டம்ளர்தாம்மா."

கொஞ்ச நேரம் விரல மடக்கி எதையோ கணக்குப் போட்டுச்சு. அப்புறம் என்ன நிமுந்து பாத்து, "அப்ப வேலை செஞ்சிருக்கு"ன்னுச்சு. சிரிக்கிது. கண்ணுல தண்ணி கொட்டுது. "அது வேலை செஞ்சிருக்கு மாமா."

"அதான நான் அன்னைக்கே சொன்னேன்!"

"டெல்லிக்கு நான் எழுதிக் கொடுக்கட்டுமா"ன்னேன். வேணாம் மாமா, அந்தத் திட்டம் முடிஞ்சு போச்சுன்னுச்சு. என்னத் திட்டல. ஒரு வார்த்தை திட்டல தம்பி. மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு, மாமிக்கு சலாம் சொல்லுங்கன்னுச்சு, எனக்கு ஒரு தொப்பி எடுத்துக் கொடுத்துச்சு, உள்ள போயிடுச்சு.

வூட்டுக்கு வந்து செந்தாமரைகிட்ட சொன்னேன். சோறு போட்டுக்கிட்டிருந்தது கரண்டிய வச்சிட்டு, "கைய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல"ன்னுச்சு. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. சாவுறது தெரியுது, பக்கத்துல மருந்து இருக்கு, எவன் கைய வச்சிக்கிட்டு சும்மா இருப்பான்? நான் செஞ்சதுல என்ன தப்புன்னு இன்னிக்கும் எனக்குச் சரியா வெளங்கல. உசுரக் காப்பாத்துனது தப்பா? ஆனா அந்தப் புள்ளை படியில உக்காந்தது கண்ணு முன்னாடியே நிக்கிது. தப்பு இல்லன்னா அது ஏன் அப்படி உக்காந்துச்சு? அன்னிக்கு வச்ச சோத்த நான் திங்கல.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. உங்க மூஞ்சியே சொல்லுது.

பேப்பரைக் கொடுங்க. இஞ்சதானே? ம். நாலு குட்டையும் எடுத்துக்குங்க. மருந்து பாட்டில என் ஷெட்டுல வைக்காதீங்க, ஊருக்குள்ள எங்கயாச்சும் வச்சுப் பூட்டுங்க. தீவனம் போட என் மச்சான் கலியமூர்த்தி இருக்கான். சொன்னத மட்டும் செய்வான், கூடக் கொறச்சல் யோசிக்க மாட்டான், உங்களுக்கு அதுதான் சரி. குஞ்சு விட்ட மறுநாளே நான் கெளம்பி திருப்பூருக்கு மக வூட்டுக்குப் போயிடுறேன். அறுவடைக்குத்தான் வருவேன். நடுவுல எனக்குப் போன் பண்ணாதீங்க. குட்டை எப்படியிருக்குன்னு நானே கேட்டாலும் சொல்லாதீங்க. மூணுல தீவனம் மிச்சம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா, அடுத்த பஸ்ஸுக்கு நான் இஞ்ச வந்து நிப்பேன்.